வளவில் ஜாஸ் கச்சேரி: பங்காளியின் நோட்டீஸுக்கு என்ன பதில்?

காரைக்குடியை அடுத்த ஊர் ஒன்றிலிருந்து, அறுபது வயதை நெருங்கும் ஆச்சி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வீட்டு விலாசம் ஆகியவற்றை விலக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். கணவர் காலமானபின் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய இவர், கணவரின் பாட்டனார் கட்டிய வீட்டில் தனியாக வசிக்கிறார். வீட்டில் ஐந்து புள்ளிக்கு (தனிக் குடும்பத்துக்கு) பங்கு உண்டு. மற்ற நால்வரும் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீட்டு வரி, மின்கட்டணம், ஓடு மாற்றும் செலவு எல்லாம் இவருடையவை. சாவியும் இவரிடமே இருக்கிறது. இவருடைய மகன் சென்னையில் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் தொழில்முறை ஜாஸ் கலைஞர். சென்ற பொங்கலுக்கு வந்திருந்த மகனும் நண்பர்களும் வளவில், அதாவது வானம் பார்த்த முற்றமுள்ள நடுக்கட்டில், உட்கார்ந்து வாசித்தது உறவினர்களுக்குப் பிடித்துப்போக, அதன்பின் மேலும் மூன்று கச்சேரிகள் நடந்திருக்கின்றன.

முதல் முறை வந்தவர்கள் உறவினர் மட்டுமே. பிறகு வீட்டு முகப்பின் படத்தைப் போட்டு வாட்ஸ்ஆப்பில் அழைப்பு சுற்றியிருக்கிறது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் வந்திருக்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கத்து விடுதிகளில் தங்கிய சுற்றுலாப் பயணிகளையும் வழிகாட்டி ஒருவர் அழைத்து வந்திருக்கிறார். வாசலில் ஆளுக்கு 500 ரூபாய் ‘கொடை’ வாங்கி, கச்சேரி முடிந்ததும் இரவு உணவும் போட்டிருக்கிறார்கள். கடைசிக் கச்சேரியன்று, பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் பரீட்சைக்காக அடுத்த வீட்டார் புகார் செய்ய, இரவு ஒன்பதரைக்குக் காவலர் ஒருவர் வந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரம், இசை உரிமம் பெறாமல் கச்சேரி நடத்துவது பற்றி விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல். இவற்றுக்கு மேல், கொழுந்தனார் முறையுள்ள பங்காளி ஒருவர் சென்னை வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, பொது வீட்டை வியாபாரக் கொட்டகையாக்குவதை 15 நாளுக்குள் நிறுத்தாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஐரோப்பியச் சாக்சபோன் கலைஞர் ஒருவர் சுற்றுலா விசாவில் வந்து தங்கி வாசிக்கவிருக்கிறார். அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றும் எண்ணமும் இருக்கிறது. ‘நாங்கள் வாசிப்பது அந்தந்த நிமிடத்தில் தோன்றுவது, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது, அதுவும் நம் வீட்டுக்குள்’ என்று மகன் உறுதியாகச் சொல்கிறாராம். அது சரிதானா என்பதே ஆச்சியின் முதன்மையான கேள்வி.

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் காவலரைப் பற்றி ஒரு பக்கமும், மின்னஞ்சலைப் பற்றி ஒன்றரைப் பக்கமும், பங்காளியின் நோட்டீஸைப் பற்றி நான்கு வரியும் இருக்கின்றன. சட்டக் கண்ணோடு பார்த்தால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். காவலர் வந்ததும் மின்னஞ்சல் வந்ததும் கச்சேரி நடக்கும் விதத்தைப் பற்றியவை. அவற்றை ஓரிரு மாற்றங்களால் சரிசெய்துவிடலாம். நோட்டீஸ் வீட்டைப் பற்றியது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பங்காளியின் நோட்டீஸ்

வரி கட்டுவதும் பராமரிப்பதும் சாவி வைத்திருப்பதும் உங்களுக்குக் கூடுதல் பங்கு எதையும் தந்துவிடுவதில்லை. பிரிக்கப்படாத சொத்தில் ஒரு பங்காளி தனியாகக் குடியிருந்தாலும், அவர் மற்ற எல்லோருக்காகவும் அனுபவத்தில் இருப்பதாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன. நீங்கள் செலவழித்ததில் மற்றவர்களின் பங்கைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதே சமயம், ‘பங்காளி ஒருவர் ஆட்சேபித்தாலே எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும்’ என்று நீங்கள் அஞ்சுவதும் சரியல்ல. பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் சொத்தின் ஒவ்வோர் அங்குலத்திலும் உரிமை உண்டு. மற்றவர்களின் அனுபவத்தைத் தடுக்காமல், சொத்துக்குச் சேதம் விளைவிக்காமல், அதன் தன்மையை மாற்றாமல் அதைப் பயன்படுத்தலாம். உறவினரைக் கூட்டி வளவில் ஒரு மாலை இசை கேட்டதை எந்த நீதிமன்றமும் எளிதில் தடுக்காது. அறிமுகமில்லாதவர்களிடம் வாசலில் பணம் வாங்கி மாதந்தோறும் நடத்துவது வேறு. குடியிருப்பு வீட்டை வணிகத்துக்குத் திருப்புவதாக அவர் வாதிட்டால் அந்த வாதம் எடுபடக்கூடும்.

நம் பகுதி வீடுகளுக்கே உரிய ஒரு விவரத்தையும் கவனியுங்கள். வளவைச் சுற்றியுள்ள இரட்டை அறைகள் புள்ளிக்கு ஒன்றாக ஒதுக்கப்பட்டிருக்கும்; முகப்பு, முற்றம், பட்டாலை, சாப்பாட்டுக் கட்டு ஆகியவை பொதுவில் விடப்பட்டிருக்கும். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் அதை எடுத்து, எது ஒதுக்கப்பட்டது, எது பொது, பொது இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். உங்கள் கச்சேரி நடப்பது உங்கள் அறையில் அல்ல, பொதுவில் உள்ள வளவில். கொழுந்தனாருடைய வழக்கின் பலம் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது.

நான்கு புள்ளிகளின் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நீங்கள் கருதுகிறீர்கள். அதுவும் முழுமையாகாது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்குமாக 2005-லும் செய்யப்பட்ட வாரிசுரிமைத் திருத்தங்களுக்குப் பிறகு, வீட்டில் பிறந்த பெண்மக்களுக்கும் பங்கு இருக்கக்கூடும். சீர் செய்து அனுப்பியதால் அந்தப் பங்கு தீர்ந்துவிடுவதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவாகிவிட்ட பாகப்பிரிவினையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் தொடாது. ஆகவே பத்திரத்தின் தேதி முக்கியம். பத்திரமே இல்லையென்றால் மணமாகிப் போன நாத்தனார்களின் சம்மதத்தையும் சேர்த்து வாங்குவதே பாதுகாப்பு.

வழக்கறிஞர் நோட்டீஸ் நீதிமன்ற ஆணை அல்ல. அதைக் கண்டு பதற வேண்டாம். பதில் போடாமலும் இருக்க வேண்டாம், ஏனெனில் மௌனத்தைப் பின்னர் உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். கெடுவுக்குள், வீட்டுக்கு எந்த மாற்றமும் சேதமும் செய்யவில்லை, எவரும் வந்து தங்குவதைத் தடுக்கவில்லை, பங்காளிகள் கூடிப் பேசும்வரை வெளியாருக்கு அழைப்பு அனுப்புவதில்லை என்று சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்படி கேவியட் மனு ஒன்றைத் தாக்கல் செய்யலாம். அது 90 நாள் செல்லும். ஆனால் கொழுந்தனார் கோபப்பட்டதற்குக் காரணம் ஜாஸ் அல்ல என்றே எனக்குப் படுகிறது. தன் பாட்டனார் வீட்டு முகப்பை வாட்ஸ்ஆப்பில், ‘500 ரூபாய்’ என்ற எழுத்துக்கு மேலே, யாரோ அனுப்பித்தான் அவர் பார்த்திருக்கிறார். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. வழக்கறிஞரின் பதில் போய்ச் சேரும் முன்பே நீங்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது நல்லது.

தோன்றியதை வாசிப்பதற்கு உரிமையாளர் உண்டா?

மகன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியையும் அவர் தவறான இடத்தில் பொருத்துகிறார்.

ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு தொடங்குவார்கள். அதை ஒருமுறை வாசித்துவிட்டு, அதன் அடியில் ஓடும் சுரக்கூட்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ‘கார்டு’) வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தங்கள் கற்பனையை விரித்துவிட்டு, கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நம் கச்சேரியில் கீர்த்தனையையும், பாடகர் உடனுக்குடன் கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தையும் போல இதைப் பிரித்துப் பார்க்கலாம்: கல்பனாஸ்வரம் பாடகருடையது, கீர்த்தனை அதை இயற்றியவருடையது. தியாகராஜர் 1847-இல் மறைந்தார் என்பதால் அங்கே கேள்வியே எழாது. 1973-இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடலை எடுத்தால், அதற்கு முன் எவ்வளவு நேரம் ஆலாபனை செய்தாலும், 2033 முடியும்வரை அந்தப் பாடலுக்கு உரிமை உண்டு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, இயற்றியவரின் ஆயுட்காலத்துக்கும் அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்து வரும் 60 ஆண்டுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. இந்தக் கணக்கை, மகன் வாசிக்கும் அமெரிக்க இசையமைப்பாளர்களின் பட்டியலில் பொருத்திப் பாருங்கள். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937-இலும் சார்லி பார்க்கர் 1955-இலும் மறைந்தவர்கள். அவர்கள் தனியே இயற்றிய மெட்டுகள் இங்கே பொதுச் சொத்தாகிவிட்டன. ஜான் கோல்ட்ரேனுக்கு (மறைவு 1967) 2027 முடியவும், டியூக் எலிங்டனுக்கு (1974) 2034 முடியவும், தெலோனியஸ் மங்குக்கு (1982) 2042 முடியவும், மைல்ஸ் டேவிஸுக்கு (1991) 2051 முடியவும் உரிமை இருக்கிறது. இருவர் சேர்ந்து இயற்றியது என்றால் பிற்பாடு மறைந்தவரின் ஆண்டிலிருந்து கணக்கிட வேண்டும். நம் சட்டத்தில் மெட்டும் வரியும் தனித்தனிப் படைப்புகள் என்பதால் விசித்திரமான ஒரு விளைவும் உண்டு: ஜார்ஜ் கெர்ஷ்வினின் மெட்டைச் சாக்சபோனில் வாசிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், அதே மெட்டை, 1983-இல் மறைந்த அவருடைய அண்ணன் ஐரா எழுதிய வரிகளோடு பாட வேண்டுமானால் 2043 முடியும்வரை அனுமதி வேண்டும்.

சுரக்கூட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய மெட்டுக் கட்டுவது ஜாஸில் பழைய வழக்கம். பார்க்கரின் தலைமுறையினர் கெர்ஷ்வினின் ஒரே பாட்டின் வரிசைமேல் எத்தனையோ மெட்டுகளைக் கட்டினார்கள். வரிசைக்கு மட்டும் தனியே உரிமை கோருவது மிகக் கடினம். ஆகவே மகனும் நண்பர்களும் சொந்த மெட்டுகளை வாசித்தாலும், மெட்டே இல்லாமல் முழுக்கவும் தோன்றியதை வாசித்தாலும், பிறர் உரிமை குறுக்கே வராது. ஆனால் உரிமையே இல்லாமல் போவதில்லை, அது வாசித்தவர்களுடையதாகிறது. பழைய சட்டம் இசைப்படைப்பு என்றால் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கச்சேரியைப் பதிவுசெய்யும் பேச்சு வரும்போது இது உங்களுக்கே எதிராக நிற்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது மின்னஞ்சலுக்கு வருவோம். இசை, பாடல் வரிகளின் உரிமையாளர்கள் சார்பில் மேடை நிகழ்ச்சிக்கு உரிமம் வழங்கும் பதிவுபெற்ற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். வந்த மின்னஞ்சல் உண்மையில் அங்கிருந்து வந்ததுதானா என்பதை அவர்களின் அலுவலக முகவரிக்கு எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்; அதுவரை எந்தக் கணக்குக்கும் பணம் அனுப்ப வேண்டாம். உண்மை என்றால், வாசிக்கவிருக்கும் மெட்டுகளின் பட்டியலோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இடைவேளையில் பழைய இசைத்தட்டுகளைப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் வேறு, உரிமமும் வேறு. சிறு வேலைதான், தட்டைப் போடாமல் விட்டுவிடுங்கள். இடைவேளையில் வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும்.

‘எனக்குத் தெரியாது’ என்பது இதுவரை உங்களுக்கு ஓரளவு அரணாக இருந்தது. இலாபத்துக்காகத் தம் இடத்தை உரிமை மீறும் நிகழ்ச்சிக்கு விடுபவரும் பொறுப்பாளி என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்கிறது. மீறல் என்பது தெரியாமலும், தெரிந்திருக்கக் காரணம் இல்லாமலும் இருந்தவருக்கு அங்கே விலக்கு உண்டு. மின்னஞ்சல் உண்மையானது என்றால் அந்த அரண் அன்றோடு போயிற்று. தெரிந்தே மீறுவதற்குச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் இல்லாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு வீட்டுக் கச்சேரிக்காகச் சிறை என்று நான் பயமுறுத்தவில்லை.

வீடு எப்போது அரங்கமாகிறது?

‘நம் வீட்டுக்குள்’ என்ற சொற்களுக்கு மகன் நினைக்கும் பலம் இல்லை. கம்பிவழித் தொலைக்காட்சி பற்றிய வழக்கொன்றில் 1989-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் தத்தம் வீட்டுக்குள் இருந்துதான் பார்த்தார்கள். ஆயினும் அவர்கள் பொதுமக்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கூரை யாருடையது என்பதைவிட, வந்தவர்கள் குடும்ப, நட்பு வட்டத்தைச் சேர்ந்தவர்களா, பதிப்புரிமையாளருக்குக் கிடைக்க வேண்டிய வருவாய் அதனால் பாதிக்கப்படுகிறதா என்பதே பார்க்கப்படும். உங்கள் பொங்கல் கச்சேரி இந்த அளவுகோலில் வீட்டு விசேஷம். வழிகாட்டி அழைத்து வந்த விருந்தாளிகள் பணம் கொடுத்து உட்கார்ந்த கச்சேரி அப்படி அல்ல.

கல்யாணத்துக்கு நாகஸ்வரம் ஊதும்போது யாரும் உரிமம் கேட்பதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். திருமணத்தையும் அதையொட்டிய கொண்டாட்டங்களையும் சமயச் சடங்குகளையும் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் கச்சேரி அந்த விலக்குக்குள் வராது. பணம் கொடுக்காத அவையோர் முன், தொழிலாக அல்லாமல் பொழுதுபோக்காக வாசிப்பவர்களின் சங்கம் வாசிப்பதற்கும் ஒரு விலக்கு உண்டு. மகனும் நண்பர்களும் இசையையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

வீட்டு ஜாஸுக்குப் பணம் வாங்கும் வழக்கம் புதிதல்ல. 1920-களில் நியூயார்க்கின் ஹார்லெமில் வாடகை கட்ட முடியாதவர்கள், வீட்டில் பியானோக் கலைஞரை உட்காரவைத்து, வருவோரிடம் சிறு தொகை வாங்கி அந்த மாத வாடகையைச் சமாளித்தார்கள். அதை அவர்கள் கொடை என்று சொல்லவில்லை. வாசலில் ஆள் நிறுத்தி, கொடுத்தவரை மட்டும் உள்ளே விடும் 500 ரூபாயை நீங்களும் அப்படிச் சொல்ல முடியாது. அது நுழைவுக் கட்டணம். கட்டணம் என்று வந்துவிட்டால் பின்னால் பல வந்து சேரும். வரவு வருமான வரிக் கணக்கில் ஏற வேண்டும். கலைஞர்களுக்குக் கொடுத்ததை ரசீதோடு செலவில் காட்டலாம். இசை நிகழ்ச்சிக்கு ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதாலும், ஆண்டு வரவு 20 லட்சம் வரை சேவைக்குப் பதிவே வேண்டாம் என்பதாலும் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. கேளிக்கை வரி 2017-க்குப் பிறகு உள்ளாட்சி அமைப்புகளின் கையில் இருக்கிறது. உங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வீட்டு மின் இணைப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் கூடுதல் கட்டணம் போடுவார்கள். 500 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடத்தைப் பொதுக் கேளிக்கைக்குப் பயன்படுத்த உரிமம் வேண்டும் என்ற 1888-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் வளவே தனியாக அந்த அளவைத் தாண்டும். மது பரிமாறும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இத்தனையையும் அடுக்குவது உங்களைச் சோர்வடையச் செய்வதற்கு அல்ல. நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: நடத்துவது வீட்டு விசேஷமா, பொது நிகழ்ச்சியா? வீட்டு விசேஷம் என்றால் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மட்டும், பணம் இல்லாமல், ஆண்டுக்குச் சில முறை. பொது நிகழ்ச்சி என்றால் பங்காளிகளின் எழுத்துச் சம்மதம், உரிமங்கள், கணக்கு எல்லாம் வேண்டும். இப்போது நீங்கள் முதலாவதன் சலுகையோடு இரண்டாவதை நடத்துகிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுப்பேன். கலைஞர்களின் செலவுக்கு வெளியூரில் அரங்கமுள்ள சபா ஒன்றில் அடுத்த நாளே ஒரு கச்சேரி ஏற்பாடு செய்துவிடலாம்.

இரவு பத்து மணிக் கணக்கு

‘பத்து மணி வரை எனக்கு உரிமை உண்டு’ என்று காவலரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு கடுமையாகிறது என்பது உண்மை. அதற்காகப் பத்து மணிக்கு முன் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று பொருள் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்பது அளவு. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில், இந்த அளவை 5 டெசிபெலுக்கு மேல் தாண்டக் கூடாது. அதாவது மாலை ஏழு மணிக்கும் உங்கள் மதிலோரத்தில் 60 டெசிபெல்தான். எதிரே இருப்பவர் சாதாரணக் குரலில் பேசுவதே ஏறத்தாழ அந்த அளவு இருக்கும். டிரம்ஸை ஓங்கி வாசித்தால் அருகில் 100-ஐத் தொடும். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் இருந்தால் அளவு இன்னும் குறைவு. ஒலிபெருக்கி வைத்தால் நேரம் எதுவானாலும் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

மூடிய அரங்குகளுக்கு இரவு நேரத்திலும் விதியில் இடம் உண்டு. ஆனால் வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவை மூடிய இடம் என்று வாதிடுவது கடினம். முட்டைவெள்ளை சேர்த்து இழைத்த சுவரும், ஆத்தங்குடிக் கல் தரையும், சலவைக் கல்லும் சத்தத்தைக் குடிப்பதில்லை. திருப்பி அனுப்பி முற்றத்தின் வழியே மேலே ஏற்றுகின்றன, அது அடுத்த வீட்டு மாடியில் இறங்குகிறது. நோய் தெரிந்துவிட்டதால் மருந்தும் தெரிகிறது. கச்சேரியை வளவிலிருந்து கூரையுள்ள உள்கட்டுக்கு மாற்றுங்கள். கலைஞர்கள் உட்காரும் இடத்தில் தடித்த ஜமக்காளங்களை விரித்து, பின்சுவரிலும் தொங்கவிடுங்கள். டிரம்ஸ்காரர் குச்சிக்குப் பதில் தூரிகை கொண்டு வாசிக்கட்டும், அல்லது டிரம்ஸே இல்லாமல் சாக்சபோன், பேஸ், பியானோ மூவர் மட்டும் வாசிக்கட்டும். சிறு அறையில் கேட்பதற்கு அது இன்னும் நன்றாகவே இருக்கும் என்பது என் சொந்த ரசனை. ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பரீட்சை மாதங்களான மார்ச்சிலும் ஏப்ரலிலும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த வீட்டார் மீது உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தொல்லைக்கெதிரான தடையும் கோரலாம். அதைச் செய்யாமல் காவல் நிலையத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த அழைப்பு முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

வெளிநாட்டு விருந்தாளியும் காணொளியும்

சுற்றுலா விசாவில் வந்தவர் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசிக்கக் கூடாது. ‘காசை அவர் கையில் கொடுக்க மாட்டோம், பயணச் சீட்டு எடுத்துக் கொடுப்போம்’ என்று நீங்கள் எழுதியிருப்பதும் ஊதியத்தின் இன்னொரு வடிவமே. மீறினால் முதலில் பாதிக்கப்படுபவர் அவர். நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம், மறுமுறை விசா மறுக்கப்படலாம். நண்பராக வந்து தங்கி, உங்கள் குடும்பத்தாரோடு உட்கார்ந்து ஒரு மாலை வாசிப்பதை யாரும் குற்றமாக்கமாட்டார்கள். அவர் பெயரைப் போட்டு அழைப்பு அச்சிட்டுக் கட்டணம் வாங்குவதுதான் பிரச்சினை. வேறொன்றையும் மறந்துவிடாதீர்கள்: வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தை (முன்பு ‘சி’ படிவம் எனப்பட்டது) இணையவழியில் பதிய வேண்டும். இது விடுதிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; வீட்டுக்கும் பொருந்தும். பழைய வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக 2025 செப்டம்பர் முதல் புதிய குடிவரவுச் சட்டம் நடப்பில் இருக்கிறது என்பதால், விசா நிபந்தனைகளை அவர் புறப்படும் முன்பே இந்தியத் தூதரகத்தில் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

காணொளியைப் பொறுத்தவரை, வீடு உங்களுடையது, கேமரா உங்களுடையது என்பதால் இசை உங்களுடையதாகிவிடாது. வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் தம் வாசிப்பின்மீது 50 ஆண்டு உரிமை உண்டு. அவர் சம்மதமின்றிப் பதிவு செய்வதும் வெளியிடுவதும் மீறல். சொந்தமாகக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளும் பதிவுக்கு விலக்கு இருக்கிறது. யூடியூபில் ஏற்றியதும் அந்த விலக்கு போய்விடும். ஜாஸில் இதற்குத் தனி எடை உண்டு. அன்றைக்குத் தோன்றியது அன்றைக்கே முடிந்துவிடும் என்ற துணிவில்தான் கலைஞர் பிசகவும் தயாராக வாசிக்கிறார். அந்தப் பிசகையும் சேர்த்து வெளியிடலாமா என்று அவரைக் கேட்க வேண்டாமா? மகன் உட்பட எல்லோரிடமும், எந்தப் பகுதி, எங்கே வெளியாகும், வருவாய் வந்தால் எப்படிப் பங்கு என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். மகனிடம் எழுதி வாங்குவதா என்று தயங்க வேண்டாம். மற்றவர்கள் கையெழுத்திட அது வழிவிடும். பிறர் மெட்டு இருந்தால் அதற்கான அனுமதி தனி. கச்சேரிக்கு வாங்கிய உரிமம் காணொளிக்குச் செல்லாது.

இனி வரிசை. நோட்டீஸுக்குப் பதில் முதலில், கெடுவுக்குள். வாட்ஸ்ஆப் அழைப்பையும் முகப்புப் படத்தையும் இன்றே எடுத்துவிடுங்கள். அடுத்த படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது பேசி, ஆண்டுக்கு எத்தனை மாலைகள், எந்தக் கட்டில், எத்தனை மணிக்குள், படைப்பும் விசேஷமும் உள்ள நாள்களை விட்டு, சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி, பெண்மக்களும் சேர்ந்து கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள். முத்திரைத்தாளில் எழுதுவது நல்லது. வாசகத்தை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய விருந்தாளி அதற்கு முன்பே வந்துவிடுவார் என்றால், அந்த மாலை குடும்பத்தாரும் அடுத்த வீட்டாரும் மட்டும் இருக்கட்டும். வாசலில் யாரும் பணம் வாங்க வேண்டாம், யூடியூபும் வேண்டாம்.